நடுத்திட்டு ருக்கு கேட்ட கேள்வி

பழவேற்காடு ஏரியின் சேற்றில் ஒரு செருப்பு புதைந்து கிடக்கிறது. சிவப்பு வார், நடுவில் தங்க நிறப் பூ, இடது கால். அந்தச் செருப்பு மட்டும் அன்றைக்குச் சேற்றில் மாட்டாமல் இருந்திருந்தால், நடுத்திட்டுக் குப்பத்து ருக்குவின் கண்ணீர் சட்டமன்றத்தின் படியேறிப் போயிருக்காது!

ருக்குவுக்கு வயது நாற்பத்தேழு. மீஞ்சூர் மார்க்கெட்டில் இறால் விற்கிறாள். அவள் "இறாலேய்" என்று ஒரு குரல் கொடுத்தால், ரயிலுக்கு நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அழுவதற்கும் சிரிப்பதற்கும் அவளுக்கு நேரம் காலம் கிடையாது. பாதி அழுகையில் சிரிப்பு வந்துவிடும். பாதிச் சிரிப்பில் கண் நிரம்பிவிடும். கணவன் தருமன் அதற்கு நேர் எதிர். ஏரியில் நாள் முழுக்க வலை வீசுவான், ஒரு வார்த்தையை வீணாக வீசமாட்டான். இந்த இரண்டு பேருக்கும் ஒரே மகள், திவ்யா.

நடுத்திட்டு ஏரிக்குள் இருக்கிற ஊர். எங்கே போக வேண்டுமானாலும் படகுதான். படகில் ஏற இறங்க ஒரு சிமெண்ட் படகுத்துறை உண்டு. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, படகு அதன் மேல் உரசிக்கொண்டு நிற்கும். மாசி தாண்டினால் தண்ணீர் உள்வாங்கிவிடும். சித்திரையில் பார்த்தால் படகுத்துறை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நடுவே முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு, தடம் தவறினால் இடுப்பு ஆழம். ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள்.

காட்டூர் கோவிந்தம்மாவுக்கு அது பழக்கமில்லை.

திவ்யா மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில், காட்டூர் ஹேமந்த்தைப் பார்த்தாள். பார்த்ததும் காதல், காதலித்ததும் கல்யாணம். ஹேமந்த்தின் அம்மாதான் கோவிந்தம்மா. நெல் வயல், மூன்று மாடு, கழுத்தில் கனமான சங்கிலி. கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டு விருந்துக்கு அவள் முதல் முறையாக நடுத்திட்டுக்கு வந்தது ஒரு சித்திரை மாதம். பச்சைப் பட்டுப்புடவை, புதுச் செருப்பு. படகிலிருந்து கம்பீரமாக ஒரு கால் வைத்தாள். போயிற்று! இடுப்புவரை சேறு. நாலு பெண்கள் சேர்ந்து இழுத்தார்கள். கோவிந்தம்மா வந்துவிட்டாள், இடது செருப்பு வரவில்லை.

அப்போது ருக்கு ஒரு தப்பு செய்தாள். சிரித்துவிட்டாள்.

அடுத்த ஐப்பசியில் திவ்யாவுக்கு நாள் தள்ளிப்போனது. செய்தி கேட்டு ருக்கு மார்க்கெட்டில் இறால் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கை அள்ளிக் கூடப்போட்டாள். அன்று மாலையே சம்பந்திக்குப் போன் செய்தாள்.

"சம்பந்தி, ஒன்பதாம் மாசம் வளைகாப்பு பண்ணி புள்ளைய நம்மூட்டுக்கு இட்டுகினு வந்துடறேன். தலைப்பிரசவம் தாயி வூட்லதான?"

"ஒன்பதாம் மாசம் எப்ப வருது?" என்றாள் கோவிந்தம்மா.

"வைகாசி."

"வைகாசில உங்கூர்ல சேறு இருக்குமா, இருக்காதா?"

ருக்கு போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"என் மருமக நெறமாசத்தோட அந்தச் சேத்துல எறங்க மாட்டா. கால் நனையாம நடந்து போற மாதிரி வழி பண்ணு, அனுப்பறேன். இல்லனா பிரசவம் இங்கதான். நீ வந்து பார்த்துட்டுப் போ, விருந்தாளி மாதிரி."

விருந்தாளி மாதிரி! பெற்ற மகளின் பிரசவத்துக்கு விருந்தாளி மாதிரி! அன்றிரவு ருக்கு சோறு தின்னவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், கோவிந்தம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வயிற்றுப் பிள்ளையோடு சேற்றில் எந்தத் தாய் மகளை இறக்குவாள்?

கார்த்திகை மாதம் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலிருந்து ஊர்த் தலைவர் ரங்கனுக்குப் போன் வந்தது. பேசியவர் உறுப்பினரின் உதவியாளர் விஜயராகவன். சட்டமன்றத்துக்கு அனுப்பக் கேள்விகள் தயார் செய்கிறார்களாம். ஊருக்கு ஒரு கேள்வி. ஒன்றே ஒன்று.

ஊர் கூடியது. தெருவிளக்கு என்றான் ஒருவன். ரேஷன் கடை என்றான் இன்னொருவன். செல்போன் டவர், ஐஸ் பெட்டி, தெருநாய். ஒரு மணி நேரத்தில் எட்டுக் கேள்வியும் மூன்று சண்டையும் சேர்ந்துவிட்டன. ரங்கன் எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

"சண்டை எதுக்கு? பாடு மாதிரி சீட்டு போட்டுடலாம்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ஏரியில் மீன்பிடிக்கும் இடத்தை அந்த ஊரில் பாடு என்பார்கள். எந்த இடம் எவனுக்கு என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சீட்டு விழுந்தவனுக்கு அந்த இடம். அன்றைக்கு வேறு எவனும் அங்கே வலை வைக்கக்கூடாது, கிட்டேகூடப் போகக்கூடாது. போனால் ஊர்க் குற்றம். ஏரி எத்தனையோ முறை வற்றியிருக்கிறது, இந்த வழக்கம் வற்றியதில்லை.

"என் சீட்டும் போடு, ரங்கண்ணா. படகுத்துறை" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பாடு பிரிக்கிற சீட்டு ஆண்களுக்கு மட்டும்தான். "பொம்பளைக்கு இன்னா சீட்டு?" என்று பின்னால் எவனோ முனகினான்.

ருக்கு ரங்கனிடம் நம்பர் வாங்கி, விஜயராகவனுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "சார், கேள்வி கேக்க ஆம்பளையா இருக்கணுமா?"

"கேள்விக்கு ஏதும்மா ஆம்பளை பொம்பளை? கேள்விக்குறி இருந்தா போதும்" என்றார் அவர்.

ஒன்பது சீட்டு பித்தளைச் சொம்புக்குள் போனது. ரங்கன் குலுக்கினார், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார், பிரித்தார், இரண்டு முறை படித்தார்.

"படகுத்துறை. ருக்கு பாடு."

ருக்கு வீறிட்டு அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் தருமனைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். அந்த மனிதன் ஊர் முன்னால் வெட்கத்தில் சிவந்துபோய், "வுடு, ருக்கு" என்றான். அன்றைக்கு அவன் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

மறுநாள் பொன்னேரியில் உறுப்பினரின் அலுவலகத்தில் ருக்கு தன் கேள்வியைச் சொன்னாள். ஒரு மணி நேரம் சொன்னாள். திவ்யா பிறந்த அன்று அடித்த புயலிலிருந்து ஆரம்பித்து, பச்சைப் பட்டு, செருப்பு, விருந்தாளி வரை சொல்லி மூக்கைச் சிந்தினாள். விஜயராகவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு தாளில் எழுதிப் படித்தார்.

"அ. நடுத்திட்டு படகுத்துறையில் கோடைக்காலத்தில் நீர் உள்வாங்குவதால் பயணிகள் சேற்றில் இறங்கி நடக்க வேண்டியுள்ளதை அரசு அறியுமா? ஆ. ஆம் எனில், படகுத்துறையை நீட்டிக்க அரசு ஆவன செய்யுமா? இ. எப்போது?"

ருக்கு அடுத்த பக்கம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அவ்ளோதானா? ஒரு ஐயோகூட இல்லியே, சார்!"

"ஐயோவெல்லாம் அந்த 'எப்போது'க்குள்ள இருக்கும்மா."

"அமைச்சர் எழுந்து நின்னு பதில் சொல்லுவாரா? டி.வி.ல வருமா?"

"நட்சத்திரம் போட்ட கேள்விக்குத்தான் எழுந்து பதில் சொல்லுவாங்க. இது எழுத்துல பதில் வர்ற கேள்வி. டி.வி.ல வராது. ஆனா அச்சுல வரும். நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லலையே'னு யாரும் கைவிரிக்க முடியாது."

ருக்குவுக்குப் பாதி ஏமாற்றம். ஆனால் அச்சு என்ற வார்த்தை பிடித்திருந்தது.

தை மாதம் ஒரு காலையில், யாரும் சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கேள்வி நடுத்திட்டில் வந்து இறங்கியது, உதவிப் பொறியாளர் எப்சிபா என்ற இளம்பெண்ணின் உருவத்தில்! கையில் கோப்பு, தோளில் அளவு நாடா. பழவேற்காட்டிலிருந்து அவளைப் படகில் ஏற்றி வந்ததே தருமன்தான். ருக்கு அப்போது மீஞ்சூர் மார்க்கெட்டில் இறாலுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏரி தளும்ப நிரம்பியிருந்தது. படகு படகுத்துறையில் பூப்போல வந்து நின்றது. எப்சிபா செருப்பு நனையாமல் இறங்கினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இதுல என்ன குறை? நல்லாத்தானே இருக்கு?"

ஊரே கூடி நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"கோடையில தண்ணி உள்ள போயிடுமாமே, உண்மையா?"

ரங்கன் வானத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவன் தன் கால்விரலைப் பார்த்தான்.

"அங்க தண்ணிக்கு நடுவுல ஒரு கம்பு நட்டிருக்கே, அது எதுக்கு?"

எப்சிபாவுக்கு முகம் சிவந்தது. "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. அரசுக்குப் பதில் போகணும், இன்னைக்கே அறிக்கை அனுப்பணும். உங்களுக்குக் குறை இருக்கா, இல்லையா?"

ரங்கன் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "தப்பா நெனைக்காதீங்க, மேடம். இது ருக்கு பாடு. அவ இல்லாதப்ப நாங்க இதுல வாய் வைக்கக் கூடாது."

"யாரு ருக்கு?"

"மீஞ்சூர்ல இறால் விக்கிறா."

எப்சிபா கோப்பைத் திறந்தாள். "அப்போ, பொதுமக்கள் எந்தக் குறையும் தெரிவிக்கவில்லைனு எழுதிடட்டுமா?"

ஐயோ! எண்ணூறு கால்கள் அந்தச் சேற்றில் புதைந்த ஊர். குறை தொண்டை வரை நிற்கிறது. ஒருவன் இருமினான், அவ்வளவுதான். வழக்கம் வழக்கம்தான்.

தருமன் ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்து போனைக் காதில் வைத்தான். மார்க்கெட் இரைச்சலில் ருக்கு கத்தினாள். "ஆபீசர் வந்துக்கீறாங்களா? நீ சொல்லேன்யா!"

"சீட்டு உன் பேர்ல கீது."

"ரங்கண்ணாகிட்ட குடு போன! அண்ணா, நான் சொல்றேன், என் பாட்ட எல்லாருக்கும் வுட்டுக்குடுத்தேன். பேசுங்க!"

ரங்கன் தலையை ஆட்டினார். "பாட்டை நேர்ல வந்து நின்னுதான் கை மாத்தணும். போன்ல பேசறது நீதானானு யாரு கண்டா?"

"இந்தக் குரல் இன்னொருத்திக்கு இருக்குமாண்ணா!" என்று ருக்கு அலறியது போனில்லாமலே நடுத்திட்டுக்குக் கேட்டிருக்கும். "யோவ் தருமா, அந்தப் பொண்ணப் போக வுடாத. நான் வந்துகினே கீறேன்!"

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ருக்கு ஓடினாள். ரயில் அசையத் தொடங்கிய நேரம் கடைசிப் பெட்டியில் தொற்றினாள். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்தாள். பஸ்ஸுக்குள் ஏறி, "என் பொண்ணு பிரசவத்துக்கு ஆபீசர் வந்துக்கீறாங்க!" என்று அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் பதறியது. கண்டக்டர் டிரைவரிடம் ஓடினார். நடுவில் கைகாட்டிய இரண்டு பேரை ஏற்றாமலேயே பஸ் பறந்தது.

இங்கே எப்சிபா படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தருமன் இன்ஜின் கயிற்றை இழுத்தான். கயிறு கையோடு வந்துவிட்டது. "அடடே" என்றான். பத்து நிமிடம் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டான். பத்து நிமிடம் அந்த முடிச்சை அவிழ்த்தான். அதற்குள் பெண்கள் நண்டு வறுத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். வழக்கம் பேசக்கூடாது என்றுதான் சொல்கிறது, பரிமாறக்கூடாது என்று சொல்லவில்லையே!

எப்சிபா மூன்றாவது நண்டின் காலை உடைத்தபோது, பழவேற்காட்டுப் பக்கமிருந்து ஊர்க்காரன் வினோத்தின் படகு வருவது தெரிந்தது. முன்முனையில் கூடையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். படகு நிற்குமுன்னே அவள் குரல் வந்து சேர்ந்துவிட்டது.

"மேடம்! அந்தக் கம்புதான், மேடம்! சித்திரைல படகு கட்டுற கம்பு அதுதான்! அதுவரைக்கும்தான் தண்ணி! அங்கேர்ந்து இங்க வரைக்கும் சேறு!"

சொன்னதோடு நிற்கவில்லை. படகுத்துறை மேல் ஏறி, அளவு நாடாவின் முனையை எப்சிபாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, புடவையோடு ஏரிக்குள் குதித்தாள். மார்பளவுத் தண்ணீரில் நாடாவை உயரத் தூக்கிப் பிடித்தபடி கம்பு வரை நடந்தாள். நடக்க நடக்க, "இங்கதான் என் சம்பந்தி மாட்டினா! இங்கதான் பால் கேன் கவுந்துது!" என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினாள். கம்பைத் தொட்டதும் திரும்பி நின்று கத்தினாள்: "ரங்கண்ணா! நேர்ல வந்து நிக்கிறேன்! என் பாட்ட ஊருக்கே குடுத்தேன்!"

மடை உடைந்தது. சேறு, செருப்பு, திவ்யாவின் பிரசவம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எப்சிபாவுக்கு எழுதக் கை போதவில்லை.

"நாப்பத்திரண்டு மீட்டர்" என்று அவள் குறித்துக்கொண்டாள். நிமிர்ந்து, ஈரம் சொட்ட நின்ற ருக்குவைப் பார்த்தாள். "உங்க பொண்ணுக்கு எத்தனையாவது மாசம்?"

"அஞ்சு, மேடம்."

எப்சிபா கோப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். தருமனின் இன்ஜின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

மாசிக் கடைசியில் பதில் வந்தது. விஜயராகவன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ரங்கன் ஊர் நடுவே நின்று படித்தார்: "அ. ஆம். ஆ. படகுத்துறையை நிரந்தரமாக நீட்டிக்க மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது. இடைக்கால ஏற்பாடாக, நாற்பத்திரண்டு மீட்டர் நீளத்திற்கு மர நடைபாதை அமைக்கப்படும். இ. சித்திரைத் திங்கள் முடிவதற்குள்."

"ஆம்" என்ற அந்த ஒரு சொல்லை ருக்கு மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அரசாங்கம் தன்னிடம் ஆம் என்று சொல்லிவிட்டது!

அந்தத் தாளை லேமினேஷன் செய்துகொண்டு காட்டூருக்குப் போனாள். கோவிந்தம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

"தாளு மேல என் மருமக நடக்க முடியாது, சம்பந்தி. பலகை போட்டப்புறம் சொல்லு. மொதல்ல நான் நடந்து பார்ப்பேன்."

சித்திரை பிறந்தது. தண்ணீர் உள்வாங்கியது. சவுக்குக் கால்கள் வந்து கரையில் குவிந்தன, பாதி நட்டார்கள், அப்புறம் வேலையாட்களைக் காணோம். சித்திரை இருபது. திவ்யா போனில், "அம்மா, நான் வர முடியாதா?" என்று கேட்டபோது ருக்கு மூக்கைச் சிந்தினாள். ஆனால் இப்போது அவள் பழைய ருக்கு இல்லை. லேமினேஷன் தாளோடு ஒப்பந்தக்காரரின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அமைச்சர் எழுத்துல தேதி குடுத்துக்கீறாரு. குடுத்த வாக்கை நிறைவேத்தினாங்களானு பாக்க சட்டமன்றத்துல உறுதிமொழிக் குழுனே ஒண்ணு கீதாம். அங்க வந்து நீ பதில் சொல்றியா, இல்ல ஆளு அனுப்புறியா?"

"மெதுவாப் பேசும்மா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும்!"

மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். சித்திரை முப்பதில் கடைசிப் பலகை அடிக்கப்பட்டது. ஒரு நாள் மிச்சம்!

வைகாசி ஆறாம் தேதி, காட்டூரில் வளைகாப்பை முடித்துக்கொண்டு தருமன் தன் படகிலேயே அவர்களை அழைத்து வந்தான். ருக்கு முன்னாடியே ஓடிவந்து கரையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். படகு நடைபாதையின் நுனியில் அணைந்தது. முதலில் இறங்கியது கோவிந்தம்மா. அதே பச்சைப் பட்டு. முன்யோசனையாகச் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். பலகையில் ஒரு கால் வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். இன்னொரு கால். பிறகு செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, ராணி மாதிரி நடக்க ஆரம்பித்தாள். பின்னால் ஹேமந்த்தின் கையைப் பிடித்துக்கொண்டு திவ்யா. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், ஒவ்வோர் அடிக்கும் கலகலவென்று.

"அம்மா!"

அந்தக் குரலைக் கேட்டதும் ருக்குவுக்கு உலகம் மறந்துபோனது. தட்டைப் பக்கத்தில் இருந்தவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள். முப்பது வருஷமாகச் சேற்றில் இறங்கிப் பழகிய கால்கள், பலகையைத் தேடவில்லை. பக்கத்தில் புத்தம் புது நடைபாதை இருக்க, நேராகச் சேற்றில் குதித்தாள். முழங்கால், தொடை, இடுப்பு. நின்றுபோனாள்.



கோவிந்தம்மா நடைபாதையின் ஓரத்துக்கு வந்தாள். கீழே எட்டிப் பார்த்தாள். அவளுடைய உதடு துடித்தது. அப்புறம் அந்தப் பெரிய மனுஷி, கழுத்துச் சங்கிலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"சம்பந்தி, நீ கேள்வி கேட்டு வாங்கின பாதை மேல இருக்கு!"

குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். தருமன் ஒரு பக்கம், கோவிந்தம்மா ஒரு பக்கம். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. சொத்தென்று ருக்கு பலகை மேல் வந்து விழுந்தாள், ஒற்றைச் செருப்போடு.

கோவிந்தம்மா அவளுடைய வெறும் காலைப் பார்த்தாள். "எனக்கொண்ணு, உனக்கொண்ணு. சரியாப் போச்சு" என்றாள்.

ருக்கு அழுதுகொண்டே சிரித்தாள். சேற்றுக் கையோடு மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். திவ்யாவின் முகத்தில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. அவள் கால் மட்டும் கடைசி வரை காய்ந்தே இருந்தது.